முதியோர் இல்லங்கள்: கேட்க ஆளிருந்தால்தான் நீதியா?

புனே நகரத்தை ஓய்வூதியர்களின் சொர்க்கம் என்று சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மிதமான தட்பவெப்பம், ராணுவக் குடியிருப்புகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் ஆகியவை அந்தப் பெயரை ஈட்டித் தந்தன. ஆனால் புனேயில் முதுமையை எட்டுபவர்கள் உயர் அதிகாரிகள் மட்டுமல்லர். பிம்ப்ரி-சிஞ்ச்வாட் ஆலைகளில் இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்தவர்கள், கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலும் ராணுவக் கிடங்குகளிலும் வேலை பார்த்தவர்கள், அவ்வேலைகளைத் தேடித் தலைமுறைகளுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள், வீட்டு வேலையிலும் கட்டுமான வேலையிலும் முதுகு வளைந்த பெண்கள் ஆகிய அனைவரும் அந்நகரத்தில்தான் மூப்படைகிறார்கள். ஹிஞ்ஜேவாடி தகவல்தொழில்நுட்பப் பூங்கா ஒரு பகுதிப் பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஒப்பந்த வேலையும் வாடகை உயர்வும் இன்னொரு பகுதிப் பிள்ளைகளை ஓரறை வீடுகளுக்குத் தள்ளின. இரு வகை வீடுகளிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: படுக்கையில் விழுந்துவிட்ட தாயை, நினைவு தப்பிய தந்தையை யார் பார்த்துக்கொள்வது?

அந்தக் கேள்விக்குச் சந்தை தனது விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறது. முன்பணம், மாதக் கட்டணம், மருந்துக்கும் உள்ளாடைக்கும் தனிக் கட்டணம் என்று விலை நிர்ணயித்து, முதியோர் இல்லங்களும் பராமரிப்பு மையங்களும் நாட்டின் பெருநகரங்கள் அனைத்திலும் பெருகிவருகின்றன. குடும்பம் நம்பி ஒப்படைக்கிறது. பிறகு ஒருநாள் பார்க்கச் செல்லும் மகள் தாயின் முதுகில் எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப் புண்ணைக் காண்கிறார். தந்தை இரவில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட செய்தி மறுநாள் மாலைதான் மகனை எட்டுகிறது. சில வேளைகளில் இறப்புச் செய்தி மட்டுமே வருகிறது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, இரவில் பணியில் இருந்தவர் யார், மருத்துவர் எப்போது வந்தார் என்ற எளிய கேள்விகளோடு அக்குடும்பம் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது? இந்தக் கேள்விக்கு இந்தியக் குடியரசிடம் தெளிவான விடை இல்லை. தனிப்பட்ட சில இல்லங்களின் கொடுமையைவிடப் பெரிய கொடுமை இதுவே.

கட்டடத்துக்குச் சட்டம் உண்டு, கட்டிலுக்கு இல்லை

மகாராஷ்டிராவில் 'நர்சிங் ஹோம்' என்ற சொல் சிறு தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. அவற்றுக்கு 1949ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாகாணத்தில் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அது மகாராஷ்டிரா நர்சிங் ஹோம் பதிவுச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. நகரங்களில் மாநகராட்சியின் சுகாதாரத் துறை அதைச் செயல்படுத்துகிறது. புனேயை மையமாகக் கொண்டு இயங்கும் மக்கள் நல்வாழ்வு இயக்கங்கள் பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு, 2021இல் அதன் விதிகள் திருத்தப்பட்டன. நோயாளிகளின் உரிமைச் சாசனத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும், புகார்களைப் பெற ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற கடமைகள் சேர்க்கப்பட்டன. அவை எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தன என்பது வேறு விவாதம். ஏட்டிலாவது ஓர் உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

மறுமுனையில் வீட்டுமனைச் சந்தை இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கென்றே அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டி விற்கும் தொழிலில் புனே முன்னணி நகரங்களில் ஒன்று. அவற்றை வாங்குவோரைப் பாதுகாக்க மகாராஷ்டிராவின் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் நெறிமுறைகளை வகுத்தது. சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, சாய்தளம், மின்தூக்கி, கைப்பிடி, வழுக்காத தரை, அவசர அழைப்பு மணி என்று அந்நெறிமுறைகள் விரிகின்றன. இவை தேவையானவையே. ஆனால் அந்த மணியை அழுத்தினால் ஓடி வருவதற்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்பதற்கு வீட்டுமனைச் சட்டத்தில் இடமில்லை.

மருத்துவமனைக்கும் அடுக்குமாடிக்கும் இடைப்பட்ட அந்த மூன்றாவது இடத்தில்தான் பல்லாயிரம் முதியவர்கள் கிடக்கிறார்கள். சிகிச்சை பெறும் கட்டிலுக்கு ஒரு சட்டம், விலைக்கு வாங்கும் வீட்டுக்கு ஒரு சட்டம். ஆனால் மூப்பெய்திப் பிறர் கையால் உண்டு, பிறர் கையால் துடைக்கப்பட்டுப் படுத்திருக்கும் கட்டிலுக்குத் தனியாக ஒரு சட்டம் இல்லை. அறக்கட்டளை நடத்தும் இல்லமானால் அறநிலைய ஆணையர் அதன் சொத்தையும் கணக்கையும் பார்க்கிறார். அரசு மானியம் பெறும் இல்லமானால் சமூக நலத்துறை மானியக் கோப்பைப் பார்க்கிறது. படுத்திருப்பவரின் முதுகைத் திருப்பிப் பார்க்கும் கடமை இவர்களில் எவருக்கும் தெளிவாக விதிக்கப்படவில்லை.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டம் நர்சிங் ஹோம் என்பதை வரையறுக்கும்போது நோயுற்றோர், காயமுற்றோர் ஆகியோரோடு உடல் தளர்ச்சியுற்றோரையும் சேர்த்தே சொல்கிறது. அவர்களை ஏற்றுச் சிகிச்சையும் செவிலியப் பராமரிப்பும் அளிக்கும் எந்த இடமும் அச்சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டியதே. எனவே, படுக்கையில் விழுந்தவர்களை வைத்துக் குழாய்வழி உணவு, சிறுநீர்க் குழாய், ஊசி மருந்து எல்லாம் அளித்துக் கட்டணமும் வாங்கும் இல்லம் எப்படி அச்சட்டத்துக்கு வெளியே நிற்க முடியும் என்று புனே மாநகராட்சியையும் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியையும் கேட்பதற்குச் சட்டப்படியான வாதம் இருக்கிறது. புதிய சட்டம் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

குண்டலப்புலியூர் கற்றுத் தந்தது

கேட்பதற்கு அலுவலகம் இல்லாத நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு தன் கண்முன்னே கண்டிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆதரவற்றோருக்கும் மனநலம் குன்றியோருக்கும் முதியோருக்கும் அடைக்கலம் தருவதாகச் சொல்லி ஓர் ஆசிரமம் பல ஆண்டுகள் நடந்துவந்தது. வெளிநாட்டில் வாழும் ஒருவர் தம் உறவினரான முதியவரை நண்பர் மூலம் அங்கே சேர்த்திருந்தார். பின்னர் விசாரித்தபோது அந்த முதியவர் அங்கே இல்லை. வேறு மாநிலத்தில் உள்ள இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கும் அவர் இல்லை. காவல் நிலையத்தில் அளித்த புகாரால் பயன் கிட்டாத நிலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. அதன் பிறகே அரசு இயந்திரம் அசைந்தது.

2023 பிப்ரவரியில் அதிகாரிகள் அந்த வளாகத்துக்குள் நுழைந்தபோது, 140க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். உரிய அனுமதி இல்லாமலே இல்லம் இயங்கியது தெரியவந்தது. அடித்தல், கட்டிவைத்தல், பாலியல் வன்கொடுமை என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. வேறு சிலரும் காணாமல் போனதாகப் புகார்கள் வந்தன. நடத்தியவர்கள் கைது செய்யப்பட்டனர், வழக்கு குற்றப்பிரிவுக் குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது, தேசிய மனித உரிமை ஆணையமும் தலையிட்டது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே விளங்கும் உண்மை ஒன்று உண்டு. ஒரே ஒரு முதியவருக்காகக் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். விமானம் ஏறி வரவும், வழக்கறிஞரை அமர்த்தவும், உயர் நீதிமன்றப் படியேறவும் அவருக்கு இயன்றது. மற்ற நூற்று நாற்பது பேருக்காகக் கேட்பதற்கு எவரும் வரவில்லை. அந்த ஒருவர் கேட்காதிருந்தால் அந்த வளாகத்தின் கதவு எத்தனை ஆண்டுகள் மூடியே இருந்திருக்கும்?

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லம் ஒன்று நாடெங்கும் செய்தியானது. பிணத்தையும் உயிரோடிருந்த முதியவர்களையும் காய்கறி மூட்டைகளோடு ஒரே வண்டியில் ஏற்றிச் சென்றதைப் பொதுமக்கள் மறித்த பிறகே அந்த இல்லத்தின் அனுமதியும் நடைமுறையும் ஆராயப்பட்டன. இறந்தவர்களை அடக்கம் செய்த முறை பற்றிய கேள்விகளும் அப்போதுதான் எழுந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். அங்கே வண்டியை மறித்த வழிப்போக்கர்கள், இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர். இரண்டு நிகழ்வுகளிலும் அரசின் ஆய்வாளர் தம் கடமையாக உள்ளே சென்று கண்டறிந்தது எதுவுமில்லை. தற்செயல்தான் கண்டறிந்தது.

கடன் வாங்கிய ஆயுதங்கள்

நீதி கேட்கும் குடும்பத்தின் கையில் இன்று இருப்பவை எல்லாம் வேறு தேவைகளுக்காக வடிக்கப்பட்ட ஆயுதங்கள். ஆட்கொணர்வு மனு, சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டவரை மீட்பதற்கானது. புண்ணழுகி இறந்தவருக்கு அது பயன்படாது. நுகர்வோர் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் அனைவருக்கும் இலவசமாக அளிக்கப்படும் சேவை அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது என்பதை 1995ஆம் ஆண்டிலேயே, மருத்துவச் சேவை தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. கட்டணம் செலுத்தியவருக்கு வழக்கு உண்டு, தருமத்தில் கிடந்தவருக்கு அதுவும் இல்லை.

குற்றவியல் சட்டத்தில், இளமையாலோ நோயாலோ தளர்ச்சியாலோ தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்து, பின் வேண்டுமென்றே கைவிடுபவரைத் தண்டிக்கும் பிரிவு ஒன்று உண்டு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அதன் எண் 491. தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். காலனியச் சட்டங்களைத் தூக்கியெறிந்துவிட்டோம் என்ற ஆரவாரத்தோடு மோடி அரசாங்கம் கொண்டுவந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 357ஆம் பிரிவாகியிருக்கிறது. சிறைக்காலம் அதே மூன்று மாதம், அபராதத்தின் வரம்பு 5,000 ரூபாய். பராமரிப்பு கோடிகள் புரளும் தொழிலாகிவிட்ட காலத்தில், ஒரு மாதக் கட்டணத்தின் சிறு பகுதிகூட ஆகாத அபராதம் எந்த நிறுவனத்தை அச்சுறுத்தும்?

முதியோருக்கென்றே 2007இல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் என்பது அதன் பெயர். ஜீவனாம்சம் கோரித் தீர்ப்பாயத்தை அணுகலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பல முதியவர்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுத்திருக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் பார்வை எங்கே நிலைகொண்டிருக்கிறது என்பதைக் காண வேண்டும். முதியவரைக் கைவிடும் பொறுப்பாளருக்கு அதன் 24ஆம் பிரிவு மூன்று மாதச் சிறை விதிக்கிறது. அரசின் கடமையைப் பேசும் 19ஆம் பிரிவோ, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று வீதம் 150 ஏழை முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. பிள்ளைக்குச் சிறை, அரசுக்கு விருப்பம். தனியார் இல்லம் தன் பொறுப்பில் உள்ளவரைப் புறக்கணித்தால் என்ன செய்வது என்பதற்கு அச்சட்டத்தில் தெளிவான வழியே இல்லை.

இந்த ஓட்டையை அரசு அறியாமலில்லை. 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில், முதியோர் கண்ணியத்தோடு வாழ்வதும் உறைவிடம் பெறுவதும் மருத்துவம் பெறுவதும் அடிப்படை உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள முதியோர் இல்லங்களின் விவரத்தைத் திரட்டுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. முதியோர் பராமரிப்பு இல்லங்களும் வீட்டுப் பராமரிப்பு முகமைகளும் பதிவு பெற வேண்டும், குறைந்தபட்சத் தரம் பேண வேண்டும் என்பது அதில் இருந்தது. தொழிலாளர் சட்டங்களையும் வேளாண் சட்டங்களையும் விவாதமின்றி ஓரிரு நாள்களில் நிறைவேற்றத் தெரிந்த அரசாங்கம், இந்த மசோதாவை நிறைவேற்றவில்லை. 2024இல் அந்த மக்களவையோடு மசோதாவும் காலாவதியானது.

குழந்தைகள் இல்லங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் பதிவு பெறாமல் இயங்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஆய்வுக் குழுக்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் இல்லங்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. அச்சட்டங்கள் முழுமையாகச் செயல்படுகின்றன என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தவறு நேர்ந்தால் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்பது தெரியும். முதியவர் விஷயத்தில் அதுவும் தெரியாது.

குடும்பத்தின் மேல் பழி

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதே பாவம், நம் பண்பாட்டுக்கு விரோதம் என்ற உபதேசம் இந்துத்துவ மேடைகளிலிருந்து ஓயாமல் கேட்கிறது. கூட்டுக் குடும்பத்தைப் போற்றும் அந்த உபதேசம் வசதியாக மறைக்கும் செய்தி, அந்தக் குடும்பத்தில் முதியவரைத் தூக்கி உட்காரவைத்ததும் துடைத்ததும் ஊட்டியதும் ஊதியமற்ற பெண்ணுழைப்பு என்பதே. மருமகளின் வாழ்நாளை விழுங்கித்தான் அந்தப் பண்பாடு நிமிர்ந்து நின்றது. இன்று அந்தப் பெண் வேலைக்குப் போகிறார். போகாவிட்டால் அடுப்பெரியாது. காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் இடையில் அல்லல்படும் தொழிலாளர் குடும்பம், நினைவிழந்த தந்தையை வீட்டில் பூட்டிவிட்டுச் செல்வதைவிட ஓர் இல்லத்தில் சேர்ப்பது கைவிடுதல் ஆகாது.

ஆனால் இந்தக் குற்றவுணர்வே அக்குடும்பத்தின் வாயை அடைக்கிறது. அக்கறை இருந்தால் நீங்களே வைத்துப் பார்த்திருக்க வேண்டியதுதானே என்ற ஒரு கேள்வியில் புகார் அமுங்கிப்போகிறது. எதிர்த்துக் கேட்டால் அழைத்துப் போய்விடுங்கள் என்பார்களோ, உள்ளே இருப்பவர்மேல் கோபத்தைக் காட்டுவார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்த மௌனத்தை உடைப்பது அரசியல் கடமை. ஓர் உயிரை நம்பி ஒப்படைத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. பராமரிப்பைப் பிறரிடம் ஒப்படைத்ததால் அந்த உரிமை கூடுமே தவிரக் குறையாது.

விலை கொடுத்தால் பாதுகாப்பா?

வசதியுள்ளவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்தித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் பொய்யானது. ஐரோப்பாவின் மிகப் பெரிய முதியோர் இல்ல நிறுவனங்களில் ஒன்றான பிரான்சின் ஓர்பேயா, மாதம் பல ஆயிரம் யூரோ கட்டணம் வாங்கியது. 2022 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளரின் நூல் அதன் உள்நிலையை வெளிப்படுத்தியது. பங்குதாரர்களின் லாபத்துக்காக முதியவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை உள்ளாடை என்று எண்ணிக் கொடுக்கப்பட்டதும், உணவில் மிச்சம் பிடிக்கப்பட்டதும் அம்பலமாயின. பங்கு விலை சரிந்தது. இறுதியில் அரசு நிதி நிறுவனம் தலைமையிலான குழு அதைக் கைக்கொள்ள நேர்ந்தது. லாபம் தனியாருக்கு, சரிவு மக்களுக்கு. பெயரை மட்டும் எமேஸ் என்று மாற்றிக்கொண்டு அந்நிறுவனம் தொடர்கிறது.

ஸ்பெயின் தலைநகரம் மாட்ரிட்டில், 2020 மார்ச்சில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, பிறர் துணையின்றி நடமாட இயலாத முதியோரை இல்லங்களிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றுவதைத் தடுக்கும் நெறிமுறையை அங்கிருந்த வலதுசாரி மாகாண அரசு பிறப்பித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படாமல் இல்லங்களிலேயே 7,291 பேர் மடிந்தனர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்றிலிருந்து இன்றுவரை அந்த எண்ணைப் பதாகையில் எழுதிக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள். வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடியானபோதும் அவர்கள் கலைந்துவிடவில்லை. தனித்தனிக் குடும்பங்களின் துயரத்தை ஒரே கோரிக்கையாகத் திரட்டியதுதான் அவர்களின் வலிமை. இந்தியாவில் இன்னும் நிகழாதது இந்தத் திரட்டல்தான்.

இரவுப் பணியில் இருப்பவர் யார்?

புறக்கணிப்பு என்றதும் கைநீட்டிய ஆயாவின் முகம்தான் ஊடகத்தில் வருகிறது. அவரை அங்கே நிறுத்திய முதலாளியின் முகம் வருவதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியத்தின் பாலபாடம். பயிற்சி இல்லாத ஒரே பெண்ணிடம் இருபது கட்டில்களைக் கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்தால், எந்தக் கருணையாலும் அந்தப் பாடத்தை நிறைவேற்ற முடியாது. படுக்கைப் புண் என்பது பெரும்பாலும் ஆள்குறைப்பின் தழும்பு. மகாராஷ்டிராவில் 'மௌஷி' என்றும் தமிழ்நாட்டில் 'ஆயா' என்றும் உறவுப் பெயர் சொல்லி அழைக்கப்படும் இந்தப் பெண்களுக்குப் பணி ஆணை இல்லை, குறைந்தபட்சக் கூலி இல்லை, வார விடுமுறை இல்லை. முகமை தன் பங்கைப் பிடித்துக்கொண்டது போக மிஞ்சுவதே ஊதியம்.

உள்ளே நடப்பதை முதலில் அறிபவரும் இவரே. வாய் திறந்தால் வேலை போகும் என்ற நிலையில் அவரை வைத்துவிட்டு, பிறகு சாட்சியைத் தேடுவதில் பொருளில்லை. எனவே, குடும்பங்களின் போராட்டமும் பராமரிப்புத் தொழிலாளரின் போராட்டமும் எதிரெதிரானவை அல்ல. பணியாளர் எண்ணிக்கை, எட்டு மணி நேர வேலை, பயிற்சி, சட்டப்படியான ஊதியம் ஆகியவை தொழிலாளியின் கோரிக்கைகள் மட்டுமல்ல. கட்டிலில் கிடப்பவரின் உயிர்ப் பாதுகாப்பும் அவையே.

மூடி முத்திரை வைப்பது தீர்வா?

கடுமையான விதிகள் வந்தால், நன்கொடையில் நடக்கும் நல்ல சிறு இல்லங்கள் மூடப்படும், முதியவர்கள் தெருவுக்கு வருவார்கள் என்ற வாதத்தைச் சிலர் நேர்மையாகவே முன்வைக்கிறார்கள். அதை ஒதுக்கித் தள்ள முடியாது. முத்திரை வைக்கப்பட்ட இல்லத்திலிருந்து வேன்களில் ஏற்றப்பட்டு முன்பின் அறியாத ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவோரை எவரும் கலந்தாலோசிப்பதில்லை. ஒரு கொடுமையிலிருந்து மீட்கப்பட்டவர் மற்றொரு நிச்சயமின்மைக்குள் தள்ளப்படுகிறார். அரசிடம் சொந்தக் கட்டில் இல்லாதவரை, அதன் ஆய்வாளரின் கண்டிப்பும் வெற்று மிரட்டலாகவே இருக்கும். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இல்ல நிர்வாகி சொன்னால் ஆய்வாளருக்குப் பதில் கிடையாது. ஆகவே பதிவும் ஆய்வும் மட்டும் போதாது. பொதுத்துறையில் இல்லங்களும், சிறு இல்லங்களுக்குத் தரத்தை நிபந்தனையாக்கிய நிதியும் உடன் வர வேண்டும்.

நிதி இல்லை என்ற பல்லவி நம்பத் தக்கதல்ல. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயது கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். 2050இல் இந்தியரில் ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார் என்பது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் கணிப்பு. இந்த மக்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியப் பங்கு 80 வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 200 ரூபாய் என்ற அளவிலேயே பல ஆண்டுகளாக உறைந்து கிடக்கிறது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014இல் நிர்ணயித்த 1,000 ரூபாய். அதை உயர்த்தக் கோரிப் போராடும் முதியவர்களில் மகாராஷ்டிராவின் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். கொரோனாவைக் காட்டி 2020இல் பறித்த மூத்த குடிமக்களின் ரயில் கட்டணச் சலுகை திரும்ப வழங்கப்படவில்லை. கார்ப்பரேட் வரியைக் குறைக்கக் கைநீளும் அரசாங்கத்துக்கு முதியவரிடம் மட்டும் கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

மாற்றுப் பாதை இல்லாமல் இல்லை. 1990களில் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பராமரிப்பு இயக்கத்தைக் கேரளம் 2008இல் மாநிலக் கொள்கையாக்கியது. உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடிச் சென்று படுத்த படுக்கையானோரைப் பார்க்கும் முறை அங்கே வேரூன்றியது. வீட்டுக்கு உதவி வரும்போது இல்லத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைகிறது. 2025இல் முதியோருக்கென ஆணையம் அமைக்கும் சட்டத்தை நாட்டிலேயே முதன்முதலாகக் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குறைகள் அங்கும் உண்டு. ஆனால் முதுமை குடும்பத்தின் தனிச்சுமை அன்று, பொதுப் பொறுப்பு என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை

இன்று எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எந்த மதத்தின், எந்த நிறுவனத்தின் பெயரில் நடந்தாலும், ஒவ்வொரு முதியோர் இல்லமும் கட்டாயப் பதிவு பெற வேண்டும். எத்தனை கட்டில், எத்தனை பணியாளர், கடந்த ஆண்டில் எத்தனை இறப்பு என்ற விவரம் வாசலிலேயே எழுதப்பட வேண்டும். விழுதல், படுக்கைப் புண், காணாமற்போதல், இறப்பு ஆகியவை நிகழ்ந்த ஒரு நாளுக்குள் குடும்பத்துக்கும் மாவட்ட அதிகாரிக்கும் அறிவிக்கப்பட வேண்டும். மருத்துவப் பதிவேட்டைக் கேட்டதும் தர வேண்டும். முன்னறிவிப்பின்றி எந்நேரமும் பார்க்கச் செல்லும் உரிமை உறவினருக்கு வேண்டும். புகார் கொடுத்ததற்காக எவரையும் வெளியேற்றக் கூடாது.

இவை அனைத்திலும் முதன்மையான கோரிக்கை ஒன்று உண்டு. உறவினர் எவரும் இல்லாத முதியவருக்காகக் கேட்கும் கடமையைச் சட்டம் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளாட்சி உறுப்பினர், அரசு மருத்துவர், பராமரிப்புத் தொழிலாளர் பிரதிநிதி, குடும்பங்களின் பிரதிநிதி ஆகியோர் கொண்ட பார்வையாளர் குழு ஒவ்வொரு இல்லத்துக்கும் மாதந்தோறும் செல்ல வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் உழைப்பாளர்கள் போராடிப் பெற்ற சமூகத் தணிக்கை முறை இங்கும் பொருந்தும். அந்தக் குழுவின் அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

கட்சி அணிகள் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புனேயில் உள்ள தோழர்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற பராமரிப்பு மையங்கள் எவை, பெறாதவை எவை என்ற பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இரு மாநகராட்சிகளிடமும் கேட்கலாம். பேட்டைதோறும் இயங்கும் மூத்த குடிமக்கள் சங்கங்களும் ஓய்வூதியர் அமைப்புகளும் மாதர், தொழிற்சங்க அமைப்புகளும் அந்தப் பட்டியலோடு மாநகராட்சி வாசலில் ஒன்றுகூடலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டக் குழுவும் தன் எல்லைக்குள் எத்தனை இல்லங்கள் உள்ளன, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது என்று ஆட்சியரிடம் எழுத்து மூலம் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதுவே மக்களிடம் கொண்டுசெல்லத் தக்க செய்தி.

முதுமையில் பொது உதவி பெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பு பேசுகிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளாக ஆளும் வர்க்கங்கள் அந்த நிபந்தனையை மட்டுமே படித்து வந்திருக்கின்றன. வாழ்நாள் முழுதும் இந்த நாட்டின் ஆலைகளை ஓட்டியவரும், வயல்களை உழுதவரும், வீடுகளைத் துடைத்தவரும், கடைசி ஆண்டுகளில் ஒரு துணிவிரிப்பு மாற்றுவதற்காக யாருடைய கருணையையும் எதிர்பார்த்துக் கிடக்கக் கூடாது. பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து கேட்டாலும், கேட்பதற்குப் பிள்ளையே இல்லாவிட்டாலும், பதில் சொல்லும் கடமை ஒன்றாகவே இருக்க வேண்டும். குண்டலப்புலியூரில் பெயர்சொல்லி எவரும் தேடி வராத அந்த நூற்று நாற்பது பேரின் சார்பில் கேட்பதற்கு, அமைப்பாகத் திரண்ட மக்களைத் தவிர வேறு எவரும் இல்லை.